150 சிசி-க்குக் கீழே உள்ள கப்சாய்களுக்கும் பாதுகாப்பான பிரேக் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் 150 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இதை அறிவித்தபோது, என்னைப் போல மோட்டார் பட்டறை நடத்துகிறவர்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த விதி 150 சிசி என்ற எல்லையில் நின்றுவிட்டதால், தோட்டப்புற மக்கள் அன்றாடம் ஓட்டும் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அதற்கு வெளியே விடப்பட்டுள்ளன. அந்த எல்லையைக் கீழே இறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இருப்பது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். காலையில் வேலை தொடங்கும் நேரத்தில் எங்கள் டவுன் சாலையோரத்தில் சற்று நின்றால், யார் எதில் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஹோண்டா இஎக்ஸ்5, வேவ், டேஷ், யமஹா லகெண்டா, 135எல்சி, மொடெனாஸ் கிரிஸ் என்று 100 முதல் 135 சிசி வரையிலான வண்டிகளே வரிசையாகப் போகும். தோட்டத்திலிருந்து ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் விடும் தாய், காய்கறிக் கூடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் பெரியவர் ஆகிய எல்லாருக்கும் அதுதான் வாகனம். 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட் மட்டுமே. இது ஏழைத் தொழிலாளியின் வாகனம் என்பதை அரசாங்கம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அந்த 2 ரிங்கிட்டே சான்று. வரியில் காட்டிய அந்தக் கரிசனத்தை பிரேக்கிலும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நாட்டில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்தக் கணக்கைப் பத்திரிகைகள் ஒவ்வொரு பெருநாள் காலத்திலும் வெளியிடுகின்றன. படிக்கிறோம், வருந்துகிறோம், பிறகு வேகத்தையும் கவனக்குறைவையும் மட்டும் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வண்டியால் அவசர நேரத்தில் ஒழுங்காக நிற்க முடிந்ததா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றித் தலைநகரில் விதி எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்துச் செம்மண் சாலை வந்து தார்ச்சாலையில் சேருமிடம்தான் இங்கே மிக ஆபத்தானது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி அந்த முனையில் திரும்பும்போது உதிரிப் பழங்கள் சில சிதறி விழும். பின்னால் வரும் வண்டிகளின் டயர்கள் அவற்றை நசுக்க, தாரின் மேல் எண்ணெய் படியும். லோரிச் சக்கரங்கள் தோட்டத்துக்குள்ளிருந்து அள்ளிக்கொண்டு வரும் செம்மண் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்திருக்கும்வரை தெரியாது; மாலையில் மழை தூறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அந்த இடம் வழுக்குப் பாறையாகிவிடும். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு கார் திரும்பினால், வண்டியோட்டி பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார். அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்வரை டயருக்குச் சாலையைப் பற்றும் சக்தியும் உண்டு, வண்டியை நேராக வைத்திருக்கும் சக்தியும் உண்டு. பிரேக் பிடியால் சக்கரம் சுழல்வதை அடியோடு நிறுத்திவிட்டால் டயர் சறுக்கத் தொடங்குகிறது. பின் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் ஆடி ஆடி ஒதுங்கும். அனுபவம் உள்ளவர் சில வேளை சமாளித்துவிடலாம். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் சமாளிக்க நேரமே கிடைக்காது. ஹேண்டலைத் திருப்பிப் பயனில்லை. ஒரு வினாடிக்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, ஓட்டுநரைச் சாலையில் தேய்த்துக்கொண்டு போகும். காருக்கு நான்கு சக்கரம் இருப்பதால் சக்கரம் பூட்டினாலும் கவிழ்வதில்லை. இரண்டு சக்கர வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்படியிருந்தும் இந்தத் தொழில்நுட்பம் காருக்கு முதலில் வந்து, நம் கப்சாய்க்கு இன்னும் வராமலிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முன் சக்கரத்தின் இந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டதால்தான் நம் பெரியவர்கள், "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைப் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பின் டிரம்மைத் திறந்தால், உள்ளிருந்து அதை அழுத்தி நிறுத்தும் பிரேக் சூ இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும், டிரம்மின் உட்பக்கம் வட்டவட்டமாகக் கீறியிருக்கும். அதே வண்டியின் முன் டிரம்மைத் திறந்தால், சூ ஏறக்குறைய கடையிலிருந்து வந்தபடி இருக்கும். அதன் மேலுள்ள எழுத்துகூட அழிந்திருக்காது. கேபிள் துருப்பிடித்து, லீவரை அமுக்கினால் திரும்பி வராமல் அங்கேயே நிற்கும். அந்த வண்டியை ஓட்டுகிறவர் தன்னிடம் இருக்கும் பிரேக்கில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

அதன் விலை என்னவென்று கணக்கிடலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. அதனால்தான் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரமே செய்ய வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். காய்ந்த சாலையில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து, வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைவதாக வைத்துக்கொண்டால், வண்டி நிற்க 46 மீட்டர் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்து 6 மீட்டர் வீதம் குறைக்க முடிந்தால் 23 மீட்டரில் நின்றுவிடும். ஆபத்தைக் கண்டு கை காலை அசைப்பதற்குள் கடந்துவிடும் ஒரு வினாடித் தூரம் இரண்டுக்கும் பொது. 46க்கும் 23க்கும் உள்ள அந்த இடைவெளியில் ஒரு செம்பனை லோரி தாராளமாகக் குறுக்கே நிற்க முடியும். ஆகவே முன் பிரேக்கைப் பிடிக்காதவர் நேரத்தில் நிற்க முடியாமல் போய் மோதுகிறார். பயந்து திடீரென்று முழுதாகப் பிடித்தவர் சக்கரம் பூட்டி விழுகிறார். சாதாரண மனிதனை இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே நிறுத்தி வைப்பது முறையல்ல. அதிலிருந்து வெளியே வரத்தான் ஏபிஎஸ் இருக்கிறது.

அது செய்யும் வேலை ஒன்றும் மர்மமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும்படி, வரிசையாகத் துளையிட்ட ஒரு மெல்லிய வளையம் டிஸ்க்கின் அருகே பொருத்தப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி விட்டு, விரல் நுனியளவு சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். துளைகள் கடந்து போகும் வேகத்தைக் கொண்டு சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அது கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தவுடன் சக்கரத்தின் வேகம், வண்டி ஓடும் வேகத்துக்குப் பொருந்தாத அளவுக்குத் திடீரென்று குறைந்தால், பூட்டப் போகிறது என்று கருவி கண்டுகொண்டு, ஒரு சிறு வால்வைத் திறந்து பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தும். சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கியதும் அழுத்தத்தை மீண்டும் ஏற்றும். ஒரு வினாடிக்குள் பல முறை இது நடக்கிறது. நாம் லீவரை இறுக்கியபடியே இருக்கலாம். விரல்களில் அந்தத் துடிப்பு தெரியும். டயர் முழுதாகச் சறுக்காமல், 10 முதல் 20 விழுக்காடு வரை மட்டும் நழுவும் நிலையில்தான் சாலையை மிக நன்றாகப் பற்றும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும், மழையில், பயத்தில், அந்த அளவைக் கையால் பிடித்து வைத்திருக்க முடியாது.

இது சோதனைக் கட்டத்தில் இருக்கும் புதுமையும் அல்ல. 1958இலேயே இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடம், விமானச் சக்கரங்களுக்காக உருவான கருவி ஒன்றை ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் வண்டியில் பொருத்திச் சோதித்துப் பார்த்தது. 1988இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசையில் மின்னணு ஏபிஎஸ்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த அமைப்பின் எடை ஏறக்குறைய 11 கிலோ. இன்று சிறு வண்டிகளுக்காகச் செய்யப்படும் கருவி ஒரு கிலோவுக்கும் குறைவு. இடமில்லை, எடை தாங்காது என்ற காரணங்கள் காலாவதியாகிவிட்டன.

பயன் எவ்வளவு என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் செய்த ஆய்வில், ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்கள் உயிர்ச்சேத விபத்துகளில் சிக்கும் விகிதம், ஏபிஎஸ் இல்லாத அதே மாடல்களைவிட 22 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் மூன்று நாடுகளின் விபத்துத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் இத்தாலியில் 24, ஸ்பெயினில் 29, சுவீடனில் 34 விழுக்காடு குறைந்திருந்தன. இவை பெரும்பாலும் நம் கப்சாயைவிடப் பெரிய வண்டிகளைப் பற்றியவை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் சக்கரம் பூட்டினால் வண்டி விழும் என்பது 110 சிசி-க்கும் 1100 சிசி-க்கும் ஒன்றுதான். பெரிய வண்டியில் போகிறவர் பெரும்பாலும் விடுமுறையில் நல்ல வானிலை பார்த்துப் போகிறார். கப்சாய்க்காரரோ மழையிலும் இருட்டிலும், வேலை முடிந்த களைப்பிலும் போகிறார். அவருக்கு இந்த உதவி அதிகமாகத்தான் தேவைப்படும்.

இனி, டிஸ்க் பிரேக்கே இல்லாத வண்டிகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். ஏபிஎஸ் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது என்பதால், கேபிளால் இழுக்கும் டிரம் பிரேக்கில் அதைப் பொருத்த வழியில்லை. அங்கேதான் சிபிஎஸ் எனப்படும் இணைப்பு பிரேக் கைகொடுக்கிறது. பின் பிரேக்கை மிதித்தால் அதன் விசையில் ஒரு பகுதி முன் சக்கரத்துக்கும் போகும்படி இணைத்துவிடுவதே அதன் அமைப்பு. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல இரு சக்கரங்களும் சேர்ந்தே பாரத்தை வாங்கிக்கொள்ளும். இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி 1975இல் தன் 850 டி3 வண்டியில் இப்படிச் செய்தது. ஹோண்டா 1990களில் அதைப் பெரிய வண்டிகளில் விரிவாக்கி, பிறகு சிறிய ஸ்கூட்டர்கள்வரை கொண்டுவந்தது. நம் நாட்டில் விற்கப்படும் ஹோண்டா பீட் ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலே முன் சக்கரமும் சேர்ந்து பிடிப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். இந்தியாவில் 97 சிசி ஹீரோ ஸ்பிளெண்டர், இரண்டு பக்கமும் டிரம் பிரேக்கோடு வரும் வண்டி. அதிலும் மிதி பிரேக்கிலிருந்து முன் டிரம்முக்கு இணைப்பு உண்டு. நம் இஎக்ஸ்5 அதே வகை வண்டிதான். அங்கே முடிவது இங்கே முடியாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன் என்றிருக்கும் நம் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் இணைப்பு பிரேக் செய்யும் உதவி மிகப் பெரியது. அவர்கள் பழக்கத்தை மாற்றாமலே முன் சக்கரத்தையும் வேலைக்கு இழுத்துவிடுகிறது. ஆனாலும் அது ஏபிஎஸ்ஸுக்கு மாற்று ஆகாது. சக்கரம் பூட்டுவதை உணரும் அறிவு அதற்குக் கிடையாது. வழுக்கும் இடத்தில் மிதியை அளவுக்கு மீறி அழுத்தினால் சக்கரம் பூட்டத்தான் செய்யும். ஆகவே முன்னால் டிஸ்க் உள்ள வண்டிக்கு இணைப்பு பிரேக்கைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உற்பத்தியாளர்கள் ஒதுங்கிக்கொள்ள இடம் தரக்கூடாது. டிஸ்க் இருந்தால் குறைந்தது முன் சக்கரத்துக்காவது ஏபிஎஸ், டிரம் மட்டும் என்றால் இணைப்பு பிரேக் என்று விதி தெளிவாக இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு மட்டுமான ஏபிஎஸ் நமக்குப் புதிதல்ல. யமஹா என்விஎக்ஸ் 155 ஸ்கூட்டரில் அப்படித்தான் வருகிறது. ஆளைக் கீழே தள்ளுவது முன் சக்கரம் என்பதால், செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றைக் காப்பாற்றுவதே அறிவுடைமை.

மற்ற நாடுகள் இந்தக் கோட்டை எங்கே போட்டிருக்கின்றன என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் புதிய மாடல்களுக்கும், 2017 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும், 125 சிசி-க்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். 50 சிசி-க்கு மேல் 125 சிசி வரை ஏபிஎஸ் அல்லது இணைப்பு பிரேக் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். இந்தியாவில் 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் இதே போன்ற விதி வந்தது. ஜப்பானில் 2018 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2021 அக்டோபரில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கும் வந்தது. மூன்று இடங்களிலும் கோடு 125இல் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களையும் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. கப்சாய் மிக அதிகமாக நிறைந்த நாடுகளில் ஒன்றான மலேசியாவில் கோடு 150இல் நிற்கிறது, அதற்குக் கீழே எதுவுமே இல்லை.

நம் நாடு முன்பு இப்படி நடந்துகொண்டதில்லை. 1973இல் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டபோது, பெரிய வண்டிக்காரர் தலைக்கு மட்டும் என்று யாரும் சிசி பார்த்து விதி எழுதவில்லை. 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தபோதும் அப்படித்தான். எல்லா மோட்டார் சைக்கிளும் விளக்கைப் போட்டது. பிற வாகன ஓட்டிகளின் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதன்பின் 29 விழுக்காடு குறைந்தன என்று மலேசிய ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். அதே துணிவு பிரேக் விஷயத்திலும் வேண்டும்.

விலை ஏறிவிடும், ஏழைகள் வாங்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை; மாதத் தவணையில் பத்து ரிங்கிட் கூடினால்கூட யோசிக்கும் குடும்பங்களோடுதான் நான் தினமும் பேசுகிறேன். ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி ஏழைக்குக் குறைந்த பாதுகாப்பைக் கொடுப்பது நியாயமாகாது. எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று வந்தால் உற்பத்தி பெருகி ஒரு கருவிக்கான விலை இறங்கும். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றால் அது என்றைக்கும் விலை கூடிய ஆடம்பரமாகவே இருக்கும். அரசாங்கம் விரும்பினால் இந்தப் பாகங்களுக்கு வரிச் சலுகை தரலாம். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இழப்பீடு கொடுக்கிறது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. கால் ஒடிந்தவருக்கும், ஊனமானவருக்கும், இறந்தவரின் மனைவி மக்களுக்கும் நாடு பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு பங்கை விபத்துக்கு முன்பே செலவழிப்பதில் என்ன தவறு? குடும்பத்தில் ஒரே வருமானக்காரர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தால் அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏபிஎஸ் இருந்தால் எதுவும் நடக்காது என்று நம்பிவிடவும் கூடாது. செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் நிற்கும் தூரம் சற்றுக் கூடவே செய்யும். வண்டி நிமிர்ந்து நிற்பதே அங்கே கிடைக்கும் நன்மை. வளைவில் சாய்ந்திருக்கும்போது இறுக்கிப் பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் முழுக் காப்பு அளிக்காது. சாய்வை உணரும் வகை விலை உயர்ந்த பெரிய வண்டிகளில்தான் இருக்கிறது. பூ தேய்ந்து வழுவழுப்பான டயருக்கு எந்தக் கருவியும் பிடிப்பைக் கொடுக்க முடியாது. இளைஞர்கள் அழகுக்காக மாட்டும் மெல்லிய டயர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டயரின் அளவு மாறினால் சக்கரம் சுழலும் கணக்கும் மாறுகிறது. தொழிற்சாலை நிர்ணயித்த அளவை நம்பி வேலை செய்யும் கருவி தவறாகக் கணிக்க வாய்ப்புண்டு. சாலையைத் தொடும் ரப்பரும் குறைந்துவிடுகிறது. தம்பிகளே, வண்டியில் எதை மாற்றினாலும் டயர் அளவை மாற்றாதீர்கள்.

அடுத்து, எங்கள் தொழிலைப் பற்றி. புதிய விதியின்படி வரும் வண்டிகள் சில ஆண்டுகளில் எங்களைப் போன்ற சிறு டவுன் பட்டறைகளுக்கு வந்துவிடும். தோட்டத்துச் சேற்றில் ஓடிய வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், துளை வளையத்தின் இடுக்குகளில் செம்மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். சென்சாரின் முகத்தில் பிரேக் பேட் தூளும் சேறும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். மெல்லிய தூரிகையாலும் துணியாலும் துடைத்தால் போதும் என்ற நிலையில், விவரம் தெரியாதவர் ஸ்குரூ டிரைவரால் சுரண்டி வளையத்தை வளைத்துவிடுகிறார். மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிகிறது என்று கொண்டுவந்தால், ஃபியூசைப் பிடுங்கிவிட்டு "பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது" என்று அனுப்பிவிடும் பட்டறைகளும் உண்டு. ஏபிஎஸ் பழுதானாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு போய்விட்டது என்பதை அந்த வாடிக்கையாளருக்கு யாரும் சொல்வதில்லை.

இதில் போமென்கள் எனப்படும் பட்டறை மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொள்ள வழி வேண்டும். கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும், ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஏபிஎஸ் பராமரிப்புக் குறுகிய கால வகுப்புகள் வார இறுதியில் நடத்தப்பட வேண்டும். பழுதைக் கண்டறியும் கருவியும், அந்தந்த மாடலுக்குரிய பராமரிப்பு விவரங்களும் விற்பனையாளர்களின் சொந்தச் சேவை மையங்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல், பதிவு செய்த எல்லாப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட அரைநாள் சம்பளத்தை இழக்க வேண்டுமென்றால், பலர் காட்டவே மாட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கும் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி சற்று நகர்ந்து ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் பழுது, ஓடும்போது அணையவில்லையென்றாலும் பழுது. பழைய வண்டி வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள். வண்டிக்குக் குறிக்கப்பட்ட வகைப் பிரேக் எண்ணெயையே ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கெட்டுப்போகும். எங்கள் வட்டாரத்தில் ஒரு விற்பனையகத்தில், ஏபிஎஸ் உள்ள வண்டியைக் கேட்டு வந்த இளைஞரிடம், "அதெல்லாம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான்" என்று சொல்லி அது இல்லாத வண்டியைக் கட்டிவிட்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நனைந்த சாலையில் முன் சக்கரம் பூட்டும். விற்கிறவர்களுக்கே இது தெரியாவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான பி2 உரிமம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையங்கள் முன் பிரேக்கை எப்படிப் படிப்படியாக அழுத்துவது என்பதை நின்று நிதானமாகக் கற்பிக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். ஏபிஎஸ் உள்ள பயிற்சி வண்டி ஒன்றாவது ஒவ்வொரு மையத்திலும் இருந்தால், லீவர் துடிக்கும்போது பயந்து கையை விட்டுவிடக்கூடாது என்பதை அவர்கள் பாதுகாப்பான இடத்தில் உணர்ந்து தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே போக்குவரத்து அமைச்சும், சாலைப் போக்குவரத்து இலாகாவும், மிரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் அடுத்த கட்டத்துக்கான கால அட்டவணையை இப்போதே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள எல்லாப் புதிய கப்சாய்களுக்கும் முன் சக்கர ஏபிஎஸ், டிரம் பிரேக் வண்டிகளுக்கு இணைப்பு பிரேக் என்பது புதிய மாடல்களிலிருந்து தொடங்கட்டும். ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களை மாற்றிக்கொள்ள ஐரோப்பாவும் இந்தியாவும் ஓராண்டு கொடுத்தன, ஜப்பான் மூன்றாண்டு கொடுத்தது. நம் உற்பத்தியாளர்களுக்கும் அந்த மூன்றாண்டையே கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நம் சமூகத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தோட்டத்து மக்களின் வீடு, பள்ளி, கோயில் பற்றிப் பேசுவதுபோல, அவர்கள் தினமும் ஏறிப் போகும் வண்டியின் பிரேக்கைப் பற்றியும் அவையில் கேள்வி எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.